பென் டிரைவில் ஓடிய லேப்டாப்பும் என் கணவரின் படகும்

பசியாவரம் என்ற மீனவக் கிராமத்தில் எங்கள் வீடு. மகள் பவித்ரா பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறாள். யாரோ கொடுத்த பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் பழுது. அதனால் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓட்டுகிறாள்.

அன்று காலை அவளிடம் நான் தட்டச்சு பழகிக்கொண்டிருந்தபோது, கடலுக்குப் போயிருந்த கணவர் என் பட்டன் போனுக்குக் கூப்பிட்டார்.

"எஞ்சின் நின்னுபோச்சி. நங்கூரம் போட்டுக்கிறேன், எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரியல. ஜிபிஎஸ் நம்பர் சொல்றேன், எய்திக்கோ."

பேனா தேட நேரமில்லை. எதிரே இருந்த லேப்டாப்பிலேயே தட்டினேன். சொல்லி முடித்ததும் லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டால் போகவில்லை.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கரைக்கு ஓட நினைத்தேன். சேவ் செய்துவிட்டு, மகள் பழக்கியபடி ஆஃப் பண்ணப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அமுக்காதம்மா. இது பென் டிரைவ்ல சும்மா ஓடுது. சேவ் பண்ணாலும் நிக்காது, ஆஃப் பண்ணா எல்லாம் போயிடும்."

"இன்னாடி சொல்ற? உங்க நைனா சொன்ன நம்பர் இதுலதான கீது."

அவள் பேனாவைத் தேடியெடுத்து, திரையைப் பார்த்து என் முன்கையில் எண்களை எழுதினாள். ஒருமுறை படித்துச் சரிபார்த்த பிறகே என்னை விட்டாள். கரையில் என் மச்சினர் அந்தக் கையைப் பார்த்துத்தான் தன் ஜிபிஎஸ்ஸில் நம்பரைப் போட்டு, ஆட்களோடு தன் படகில் கிளம்பினார். பொழுது சாய்வதற்குள் கணவரின் படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள்.

இப்போது லேப்டாப் பக்கத்தில் வலை நூலில் கட்டிய பேனா ஒன்று தொங்குகிறது. அவர் கடலில் இருக்கும்வரை அதை யாரையும் தொட விடமாட்டேன்.