சர்வர் மேசையில் உட்கார்ந்திருந்தவன்

இன்டர்நெட்டைப் பற்றி அந்தக் காலத்தில் என்னைப்போல வாய் கிழியப் பேசியவன் கேரள எல்லையில் எங்கள் கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் வேறு ஆள் கிடையாது. கேட்க ஆள் இல்லாததால் எழுதவும் செய்தேன். பொள்ளாச்சி போகிற ரோட்டில் ஐந்து கம்ப்யூட்டர் போட்டு ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். காலையில் சர்க்கார் வேலைக்கு அபேட்சை அனுப்புகிறவர்கள் வருவார்கள், மத்தியானத்துக்கு மேல் காலேஜ் பையன்கள் துப்பாக்கி விளையாட்டு ஆட வருவார்கள். இடைப்பட்ட நேரமெல்லாம் தமிழ் விவாதக் களங்களில் கிடப்பேன். ஒவ்வொரு களத்துக்கும் ஒரு எழுத்துரு இறக்க வேண்டும், இல்லாவிட்டால் திரை முழுக்கக் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கும் ஒரு பாட்டம் திட்டி எழுதினேன்.

என் கொள்கைகள் இவை. விளையாட்டு சிடியைக் காப்பி எடுப்பது திருட்டு ஆகாது. விளையாட்டால் பையன்கள் கெட்டுப்போவதில்லை, டியூஷனால்தான் கெட்டுப்போகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருத்தருடைய மெயிலைப் பார்க்க இன்னொருத்தருக்கு உரிமை இல்லை, அது பெற்ற அப்பனாக இருந்தாலும் சரி, போலீஸாக இருந்தாலும் சரி. இதற்காகப் புனைபெயர்க்காரர்கள் பத்துப் பேரோடு வாரக்கணக்கில் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அடேயப்பா, என்ன ரோஷம் எனக்கு!

கம்ப்யூட்டர் மாட்டிக் கொடுத்தவர் என் மேசையிலிருந்த சர்வர் என்கிற தலைமைக் கம்ப்யூட்டரில் ஒரு மென்பொருள் போட்டுவிட்டுப் போயிருந்தார். மற்ற நாலு திரையிலும் என்ன ஓடுகிறது என்பது என் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரியும். யார் நேரம் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு. எல்லா சென்டரிலும் அது உண்டு. நான் எழுதுவதற்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே தோன்றவில்லை, இப்போது சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்?

என் தங்கை பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். மாமன் மகனுக்குத்தான் அவள் என்று சின்ன வயதிலேயே பேச்சு. அம்மாவிடம் ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு சென்டருக்கு வந்துவிடுவாள், கூடவே அவளுடைய சிநேகிதியும் வருவாள். அந்தத் துப்பாக்கி விளையாட்டில் சண்டை நடக்கிற இடத்தை, களம் என்பார்கள், நாமே அமைத்துக்கொள்ள வழி உண்டு. தங்கை எங்கள் தோப்பையே களமாக்கினாள். வாய்க்கால், மோட்டார் ரூம், கள்ளுக்கடை பெஞ்சு, எல்லாம் அப்படியே இருக்கும். பையன்கள் அதைத் தவிர வேறு களத்தில் ஆடமாட்டோம் என்றார்கள். "மோட்டார் ரூமுக்குப் பொறகால நிக்கறான்டா, சுடு!" என்று அவர்கள் போடும் கூச்சலில் ரோட்டில் போகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள்.

அதை அவள் ஒரு தளத்தில் ஏற்றினாள். கொஞ்ச நாளில் எவனோ அவள் பெயரை எடுத்துவிட்டு வேறு தளத்தில் போட்டுவிட்டான். "பேரையாச்சும் உட்டிருக்கலாமுங்ணா" என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இணையத்தில் போட்டால் அது எல்லாருக்கும் பொது, பெயருக்கு ஆசைப்படுவது பழைய புத்தி என்று அவளுக்கு ஒரு பிரசங்கம் செய்துவிட்டு அதையே கட்டுரையாகவும் எழுதினேன்.

பெயரை எடுத்தவன் கோப்புக்குள் கிடந்த அவளுடைய மெயில் முகவரியை எடுக்க மறந்துவிட்டான். அதைப் பிடித்துக்கொண்டு பெங்களூரில் விளையாட்டு தயாரிக்கிற ஒரு கம்பெனி அவளுக்கு எழுதியது. தோப்புக் களம் பிரமாதம், நேரில் வாருங்கள், வேலையைப் பற்றிப் பேசலாம் என்று. மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் தங்கையும் சிநேகிதியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அதைப் படித்தார்கள். சர்வர் மேசையில் உட்கார்ந்து நானும் படித்தேன். சின்னக் கட்டத்தை அழுத்தினால் பெரிதாகும். அழுத்தினேன். எங்கள் வீட்டு ஃபோனை அப்பா எடுப்பார் என்பதால் சிநேகிதி வீட்டு நம்பரைக் கொடுத்துத் தங்கை பதில் எழுதியதையும் ஒரு எழுத்து விடாமல் படித்தேன்.

தங்கச்சி தனியாகப் பெங்களூர் போவதாவது என்ற பயத்தில்தான் அப்பாவிடம் சொன்னேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் பக்கம் பக்கமாக எழுதிய எனக்கு எந்த ஊரிலிருந்தும் ஒரு கம்பெனியும் கடிதம் போடவில்லை.

"ஆருடா சொன்னது?" என்று அப்பா கேட்டார்.

"கேள்விப்பட்டேனுங்க" என்றேன்.

அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு நேராக மாமா வீட்டுக்குப் போனார். எங்கள் பக்கம் உப்பும் சர்க்கரையும் மாற்றிவிட்டால் கல்யாணம் பாதி முடிந்த மாதிரி, அதற்குப் பிறகு பின்வாங்கினால் இரண்டு குடும்பமும் ஊரில் தலைகாட்ட முடியாது. அந்த வெள்ளிக்கிழமையே மாற்றிவிட்டார்கள். தாம்பாளத்தை ஏந்திக்கொண்டு முன்னால் போனவன் நான்தான்.

யார் சொன்னது என்று தங்கையும் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். "ஊரே பேசுது" என்றாராம். கடிதம் வந்தது அவளைத் தவிர ஒருத்திக்குத்தானே தெரியும்? சிநேகிதியைச் சென்டர் வாசலிலேயே நிறுத்தி வாய்க்கு வந்தபடி ஏசினாள். சிநேகிதி என்ன சொல்லியும் காதில் வாங்கவில்லை. நான் உள்ளே கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய் இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே தீர்ந்திருக்கும். துடைத்த கீபோர்டையே திரும்பவும் துடைத்தேன்.

இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. சென்டரை மூடி, அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். தங்கை பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறாள். மாப்பிள்ளை நல்ல மனுஷன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அவள் அப்புறம் எந்த விளையாட்டையும் தொட்டதில்லை. அந்தச் சிநேகிதி இருக்கும் கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் உட்காராமல் திரும்பிவிடுவாள்.

போன மாதம் தங்கை வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஃபோனில் புதிதாக இறக்கிய ஒரு ஆப்பைக் காட்டி, "இதென்னமோ என்ற ஃபோன்ல இருக்கற நம்பரெல்லாம் பாக்கறதுக்குச் சம்மதங் கேக்குதுங்ணா, குடுக்கலாமுங்ளா?" என்றாள். கேட்க வேண்டுமா, ஆரம்பித்துவிட்டேன். அடுத்தவர் விஷயத்தை எட்டிப் பார்க்க எவனுக்கும் உரிமை கிடையாது, அது இது என்று.

அவள் சிரித்தாள். "நீங்க அப்பருந்தே இப்படித்தானுங்ணா. உங்க சென்டர்ல உக்காந்தா எனக்குப் பயமே இருக்காது. அண்ணன் இருக்கறாரு, ஆரும் எட்டிப் பாக்கமாட்டாங்கன்னு நெம்பத் தைரியமா இருப்பேன்."

பாதிச் சோற்றில் எழுந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர், சின்னக் கட்டம், அப்பா, என் வயிற்றெரிச்சல், ஒன்றையும் விடவில்லை. அழுவாள், திட்டுவாள், வெளியே போ என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"வேல போனதுகூடப் பரவால்லீங்ணா" என்றாள். "அவள நான் என்னென்ன பேசிப்போட்டேன்."

ஃபோனை எடுத்தாள். எப்போது, யாரிடம் வாங்கினாளோ, சிநேகிதியின் நம்பர் அதில் இருந்தது. அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, என் கையில் வைத்தாள்.

"எனக்குச் சொன்னது போதும். அவகிட்டச் சொல்லுங்க."

நாலு முறை அடித்தது. தங்கை முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். எடுத்தவள் யார் என்றுகூடக் கேட்கவில்லை. இவள் நம்பரை அவளும் வைத்திருந்திருக்கிறாள். நான் தொண்டையைச் செருமுவதற்குள் சிநேகிதி முந்திக்கொண்டாள்.

"சத்தியமா நாஞ் சொல்லல புள்ள."