ஜட்கா ஓட்டத்துக்குச் சட்டம் எழுதிய கதை

திருச்செங்கோட்டில் நான் நூல்கடை வைத்திருந்த காலத்தில், இங்கிலீஷ் பத்திரிகையை எழுத்துக்கூட்டிப் படிப்பவன் என்று ஒரு கெட்ட பேர் எனக்கு இருந்தது. பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல. மில்லிலிருந்து நூல் பேல் சுற்றி வரும் காகிதத்தையும் மருந்துப் பாட்டில் சீட்டையும் பார்த்துப் பார்த்து நானாகக் கற்றது. அந்தப் பேரால் வந்த வினைதான் இது.

அப்போது சங்ககிரி ரயிலடியில் இறங்குகிற ஜனம் மலைக்கோயிலுக்கு வர வேண்டுமானால் ஜட்காதான். வைகாசித் தேர் முடிந்த பிறகு ஜட்காக்காரர்கள் வருஷா வருஷம் ஓட்டம் விடுவார்கள். ஊர்க்கோடிப் பிள்ளையார் முன்னால் தேங்காய் உடைப்பார்கள். ஓடு சிதறுகிற சத்தம் கேட்டதும் குதிரைகள் பறக்கும். சங்ககிரி ரோட்டில் பாலம் வரை போய்த் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான் சட்டம். இந்தக் கதை நடந்ததற்கு முந்திய வருஷம் யார் மூக்கு முந்தியது என்று கிளம்பிய தகராறில் மனுஷர் மூக்கே உடைந்துவிட்டதால், புதிதாக வந்திருந்த சப் இன்ஸ்பெக்டர், "எழுத்தில் விதி கொடுத்தால்தான் அனுமதி" என்று சொல்லிவிட்டார். ஜட்காக்காரர்கள் நேரே என் கடைக்கு வந்துவிட்டார்கள்.

நான் தனியாக எழுதியிருந்தால் ஒரு பொழுதில் முடிந்திருக்கும். சென்னையில் குதிரைப் பந்தய மைதானத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்திருந்த ஒருவரையும் கூட்டி வந்துவிட்டார்கள். குதிரை மேல் அவர் ஒரு நாளும் கை வைத்ததில்லை. குதிரையைப் பற்றிய சொற்கள் மட்டும் அவரிடம் மூட்டை மூட்டையாக இருந்தன.

"முதல்ல டெஃபனிஷன். எது எதுக்கு என்ன அர்த்தம்னு போடாம ஒரு விதியும் எழுதப்படாது" என்றார்.

சரி, போடுவோம் என்று உட்கார்ந்தேன். நம் பேச்சில் ஓடுவதற்கும் பந்தயம்தான், கட்டுவதற்கும் பந்தயம்தான். ஆகவே ஓடுவதை 'ஓட்டம்' என்றும், தோற்றால் கொடுப்பதைப் 'பந்தயம்' என்றும் பிரித்து எழுதினேன். குமாஸ்தா தலையை ஆட்டினார். அவர் தலையை ஆட்டியது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு குதிரை ஒன்றாக வந்து சேர்ந்தால் அதற்கு என்ன பேர்? அவர் 'டெட் ஹீட்' என்றார். லாடம் கட்டுகிறவர், "ரெண்டு மூக்கும் ஒரே கொள்ளுப் பையிலன்னு எழுதுங்க சாமி, எல்லாருக்கும் வெளங்கும்" என்றார். எனக்கு வாயெல்லாம் இனித்தது. அதையே எழுதினேன். குமாஸ்தா அடித்தார். நான் 'சமன்' என்று எழுதினேன். 'சமன்' என்றால் கோர்ட்டிலிருந்து வருவது என்று ஜட்காக்காரர்கள் பயந்தார்கள். கடைசியில் 'சரிக்குச் சரி' ஆயிற்று. இதற்கே ஒரு சாயங்காலம் போயிற்று.

வேகமான குதிரைக்குக் கூடுதலாக மணல் மூட்டை ஏற்றி மற்றவற்றோடு சமப்படுத்த வேண்டும், அது 'ஹாண்டிகாப்' என்றார் குமாஸ்தா.

"மணல் மூட்டை எதுக்குங்க? எண்ணெய்க்கடைக்காரர ஏத்தி உட்டாப் போவுது" என்றான் ஒருவன். எண்ணெய்க்கடைக்காரர் இரண்டு ஆள் இடத்தை அடைத்துக்கொண்டு அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைப்பதற்குள் விளக்கு வைக்கிற நேரமாகிவிட்டது.

முன்கூட்டிப் புறப்படுவதற்கு நான் 'கள்ளப் புறப்பாடு' என்று எழுதினேன். "யாரக் கள்ளன்னு எழுதறீங்க?" என்று சங்ககிரிக்காரன் ஒருவன் எழுந்துவிட்டான். கறுப்புக் குதிரைக்காரன். அவன் குதிரையும் கறுப்பு, மீசையும் கறுப்பு, நாக்கு மட்டும் சாட்டை. நான் அடித்துவிட்டு 'கூடாத புறப்பாடு' என்று எழுதினேன். அப்படிப் புறப்பட்டால் என்ன தண்டனை என்று எழுத அந்தக் கலாட்டாவில் மறந்தே போனேன்.

இவ்வளவு பொறுமை எனக்கு எங்கிருந்து வந்தது என்றால், என் தங்கை வீட்டுக்காரனும் ஒரு ஜட்காக்காரன். அவனிடம் ஒரு செவலைக் குதிரை இருந்தது. அந்த வீட்டில் அடுப்பு எரிவது அந்தக் குதிரையின் நான்கு காலில்தான். அந்தக் குதிரையை மாப்பிள்ளை பந்தயம் வைத்துவிட்டான்.

ரயிலடியில் நடந்தது. கறுப்புக் குதிரைக்காரன், "உன்ற செவலை வண்ணானூட்டுப் பொதி சொமக்கறதுக்குத்தான் லாயக்கு" என்றிருக்கிறான். இவனுக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "தோத்தா லாயத்துல வந்து அவுத்துட்டுப் போ" என்று கையை நீட்டியிருக்கிறான். அவனும், "நான் தோத்தா என்ற கறுப்பன அவுத்துக்கோ" என்று நீட்டிய கையில் அடித்துவிட்டான். எங்கள் பக்கத்தில் நாலு பேர் பார்க்கக் கையடித்துச் சொன்னால் அதுதான் பத்திரம், அதுதான் ரிஜிஸ்டர். தங்கை அழுதுகொண்டே கடைக்கு வந்தாள்.

"அண்ணா, சட்டம் நீதான எழுதறே? குதிரையப் பந்தயம் வெக்கக் கூடாதுன்னு ஒரு வரி எழுதிப் போடுண்ணா."

எழுதினேன். ஓடுகிற குதிரையையோ வண்டியையோ யாரும் பந்தயம் வைக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சப் இன்ஸ்பெக்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"இதை எடுங்க."

"நல்லதுக்குத்தானுங்க எழுதினேன்."

"குதிரையை வெக்கக் கூடாதுன்னா, மத்ததை வெக்கலாம்னு ஆவுது. அப்ப இது சூதாட்டம். சூதாட்டத்துக்கு நான் அனுமதி கொடுக்க முடியாது. இந்த விதியிலே பந்தயம்ங்கற பேச்சே இருக்கப்படாது."

குமாஸ்தாவே தலையை ஆட்டும்படி நான் பிரித்து வைத்த சொல் அதோடு போயிற்று. ஊரே பந்தயம் கட்டிக்கொண்டு நின்றது. காகிதத்தில் மட்டும் பந்தயம் கிடையாது. மாப்பிள்ளையிடம் போய்ப் பந்தயத்தைக் கலைக்கச் சொன்னேன். "கையடிச்சது அடிச்சதுதானுங்க மச்சான்" என்று கொள்ளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான்.

மீதி இருந்தது ஒரே ஒரு விதி, ஓட்டம் எப்போது புறப்பட்டதாக ஆகும் என்பது. குமாஸ்தா, கொடியை இறக்கியதும் என்றார். ஜட்காக்காரர்கள், தேங்காய் உடைந்ததும் என்றார்கள். பிள்ளையாருக்கு மேல் ஒரு கொடியா என்று அவர்களுக்குக் கோபம். காதால் கேட்கிற சத்தத்தை நம்பி எந்த மைதானத்தில் குதிரை விடுகிறார்கள் என்று அவருக்குக் கோபம். ஜனம் முக்கால்வாசி எழுந்து போய்விட்டது. எனக்குக் கடை சாத்த வேண்டும். இரண்டு பேருக்கும் நல்ல பிள்ளையாக, 'தேங்காய் உடைத்துக் கொடி இறக்கியதும் ஓட்டம் புறப்பட்டதாகும்' என்று எழுதினேன். அவரவர் தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மாப்பிள்ளையிடம் மட்டும், "தேங்காய்க்கு அசையாதே, கொடியைப் பார்த்துப் போ" என்று சொல்லிச் சொல்லி என் தொண்டை வறண்டது.

ஓட்டத்தன்று ஆறு வண்டி நின்றன. குமாஸ்தா கோட்டுப் போட்டுக்கொண்டு ரோட்டோரம் முக்காலி மேல் ஏறிப் பச்சைக்கொடியை உயர்த்தினார். பூசாரி தேங்காயை ஓங்கி அடித்தார்.

இத்தனை வருஷம் அந்தச் சத்தத்துக்கே ஓடிப் பழகிய குதிரைகளுக்கு விதியைப் படித்துக் காட்டியது யார்? ஆறும் துள்ளின. ஐந்து பேர் கொடியைப் பார்த்துவிட்டுக் கடிவாளத்தை இழுத்துப் பிடித்தார்கள். மாப்பிள்ளை இழுத்த இழுப்பில் செவலை பின்னங்காலில் உட்கார்ந்தேவிட்டது. கறுப்புக் குதிரைக்காரன் மட்டும் ஒரு கூச்சல் போட்டுக்கொண்டு புழுதியில் மறைந்தான்.

குமாஸ்தா கொடியை இறக்கவில்லை. "லைன் நேராகட்டும்" என்றார். ஒரு வண்டியை முன்னால் தள்ளச் சொன்னார், ஒன்றைப் பின்னால் இழுக்கச் சொன்னார். "ஒரு வண்டி போயிடுச்சுங்க" என்றேன். "போகலை. ஓட்டம் இன்னும் ஆரம்பிக்கலையே, எப்படிப் போக முடியும்?" என்றார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டேன்.

கறுப்புக் குதிரைக்காரன் பாலத்தைத் தொட்டுவிட்டு, துண்டைச் சுழற்றிக்கொண்டு, நுரை தள்ளுகிற குதிரையோடு திரும்பி வந்து சேர்ந்தான். பார்த்தால், மற்ற ஐந்து வண்டியும் புறப்பட்ட இடத்திலேயே வரிசையாக நிற்கின்றன. கொடி இன்னும் மேலேயே இருக்கிறது.

அவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ஏனுங்க, தேங்கா ஒடைஞ்சுதா இல்லீங்களா?"

"ஒடைஞ்சுது."

"நான் போனனுங்களா?"

"போனே."

"வந்தனுங்களா?"

"வந்தே."

"எனக்கு முன்னால யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லை."

"அப்பறம் என்னத்துக்குங்க எல்லாரும் பொணத்தக் கண்டாப்பல நிக்கறீங்க? செவலைய அவுத்து உடச் சொல்லுங்க!"

சப் இன்ஸ்பெக்டர் விதியை உரக்கப் படிக்கச் சொன்னார். படித்தேன். "பாத்தீங்களா, தேங்கா!" என்று ஒரு பாதிக் கூட்டம் கத்தியது. "கொடின்னு இருக்குதில்ல!" என்று மறுபாதி கத்தியது. இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்கள். படித்தேன். இன்னும் உரக்கக் கத்தினார்கள். கடைசியில் சப் இன்ஸ்பெக்டர், எழுதியிருப்பது இரண்டும் சேர்ந்துதான், கொடி இறங்கவில்லை, ஆகையால் மறுபடி விடுங்கள், கறுப்புக் குதிரையும் கூட ஓடலாம் என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. கறுப்பனோ மூச்சிரைத்து வயிறு துருத்தி போல் ஏறி இறங்குகிறது. செவலையோ ஓர் அடி நடக்கவில்லை. ரோட்டோரம் பெண்களோடு நின்ற தங்கை என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். குதிரை தப்பிவிட்டது என்றே நினைத்தோம்.

மாப்பிள்ளை வண்டியிலிருந்து கீழே இறங்கினான்.

"ஏம்ப்பா, ஏறு" என்றேன்.

"எளைச்ச குதிரையோட என்ற செவலைய ஓட்ட மாட்டனுங்க மச்சான்."

"ஏன்?"

"வாயில்லாத சீவனுங்க. இன்னொருக்கா ஓடுனா கறுப்பனுக்கு நெஞ்சு வெடிச்சுப் போகும். நாளைக்கு ரயிலடியில எவன் மூஞ்சில முழிப்பேன்?"

தொண்டை கிழியக் கத்தினேன். தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவன் சேணத்தை அவிழ்க்கத் தொடங்கிவிட்டான்.

"ஓட்டலீன்னா தோத்தாப்பலதான். குடு குதிரைய" என்றான் கறுப்புக் குதிரைக்காரன்.

"எப்புடி? ஓட்டந்தான் இன்னும் நடக்கலியே. அடுத்த வாரம் ஓட்டுவோம், வா."

அடுத்த வாரத்துக்கெல்லாம் அனுமதி இல்லை, இன்று ஒரு நாளைக்குத்தான் என்று சப் இன்ஸ்பெக்டர் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். மூச்சு வாங்கிய கறுப்பனும் நின்றுவிட, மிச்ச நாலு வண்டியும் கொடிக்கு ஓடின. யாரும் ஒரு பாக்குக்கூடப் பந்தயம் வைக்காத ஒரு கிழட்டு மட்டக் குதிரை ஜெயித்தது. அதைக் குமாஸ்தாவைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது வேதனை. ஓடவும் இல்லை, கலையவும் இல்லை. பந்தயம் அந்தரத்தில் நின்றது. கறுப்புக் குதிரைக்காரன் ரயிலடியில் மாப்பிள்ளையைக் காணும்போதெல்லாம், "என்ற குதிரைக்குக் கொள்ளு வெச்சியா? என்ற குதிரைய ஏன் வெயில்ல கட்டியிருக்கறே?" என்று கேட்பான். சவாரிக்கு வருகிறவர்களிடம், "அந்த வண்டியில ஏறாதீங்க சாமி, குதிரை அவனுது இல்ல, பாதி வழியில நான் அவுத்துக்குவேன்" என்பான். சிரிப்பாகத்தான் சொன்னான். ஆனால் மூட்டை முடிச்சோடு வருகிற ஜனம் சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்குப் போய்விடும். சவாரி குறைந்தது. தங்கைக்குத் தூக்கம் போயிற்று. என்றைக்காவது ஆள் கூட்டி வந்து அவிழ்த்துவிடுவான் என்று குதிரையை வீட்டு வாசலுக்குள்ளேயே கட்டினாள்.

குமாஸ்தாவிடம் போய் இதற்கு என்ன வழி என்று கேட்டேன். "வாய்ட்" என்றார், அதாவது அந்தப் பந்தயமே செல்லாதாம். அதை ரயிலடியில் போய்ச் சொல்ல வேண்டியதுதானே என்றேன். சொல்ல அதிகாரமுள்ளவர்களுக்கு 'ஸ்டூவர்டு' என்று பேர், அவர்களை நாம் நியமிக்கவே இல்லை என்றார். துண்டை உதறிக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போலீஸ் வந்திருக்கும்.

பிறகு ஒரு நாள் நான் நூல் பேல் எடுக்க ரயிலடிக்குப் போயிருந்தேன். தங்கை யாரோ ஒருவர் ஜட்காவிலிருந்து இறங்கி வேகவேகமாக வந்தாள். ஜட்காக்கள் நிற்கிற இடத்தில் கறுப்புக் குதிரைக்காரன் வழக்கம் போலவே ஆரம்பித்தான்.

"ஏன் அம்மிணி, என்ற குதிரை சௌக்கியமா?"

"அதச் சொல்லத்தானுங்க வந்தேன்" என்றாள். "உங்க குதிரை நல்லா இருக்குதுங்க. நேத்து ராவு எங்கூட்டுக்காரர ஒதைச்சுப் போட்டுது. இடுப்பப் புடிச்சுட்டு எந்திரிக்க மாட்டாமக் கெடக்கறாரு. உங்க குதிரை ஒதைச்ச இடுப்புங்க, நீங்கதான் வந்து எண்ணெய் தேச்சு உடோணும். வாசல்லயெல்லாம் சாணியுங்க. அதுவும் உங்க குதிரை போட்டதுதான். வெளக்குமாறு எடுத்து வெச்சிருக்கறேன், கெளம்புங்க."

அங்கே நின்ற ஜட்காக்காரர்கள் வண்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "போப்பா, போய் இடுப்பப் புடிச்சு உடு!" என்றான் ஒருவன். "எண்ணெய் நான் வாங்கித் தாரேன்!" என்றான் இன்னொருவன். கறுப்புக் குதிரைக்காரன் மீசையைத் தடவினான், சிரிப்பை அடக்கிப் பார்த்தான், முடியவில்லை.

"போதும் அம்மிணி, உட்டுரு. எல்லாரும் கேட்டுக்குங்க, அந்தப் பேச்ச நான் உட்டுட்டேன். குதிரை உங்களுதுதான், சாணியும் உங்களுதுதான்."

நான் பேலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தங்கையோடு அவள் வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை கயிற்றுக்கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். பந்தயம் கலைந்துவிட்டது, குதிரை இனி உன்னுடையது என்று சொன்னேன். இடுப்பைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தான்.

"அதெப்புடிங்க மச்சான் அவன் ஒருத்தனாக் கலைப்பான்? நாலு பேரு பாக்கக் கையடிச்சது. நான் ஒத்துக்க மாட்டேன். வார வைகாசியில ஓட்டிப் பாத்துர வேண்டியதுதான்."

தங்கை எண்ணெய்க் கிண்ணத்தைக் கட்டில் காலடியில் நங்கென்று வைத்தாள்.

"மொதல்ல எந்திரிச்சு நில்லுங்க" என்றாள்.