சிவப்புக்கு முன்னால் ஓர் ஆள்

ஜெசிந்தா இறந்த சேதி எனக்கு ஒரு படமாக வந்தது. திருநள்ளாற்றில் ஒரு விடுதிக்கு இணையப் பக்கம் செய்வது பற்றிப் பேசப் போயிருந்தேன். உரிமையாளர் வரத் தாமதமானதால் கைபேசியைத் தள்ளிக்கொண்டிருந்தவன், எங்களுக்குக் கணினி விற்கும் கடைக்காரரின் ஸ்டேட்டஸில் ஜெசிந்தாவின் முகத்தைப் பார்த்தேன். சுற்றிலும் பூ, ஓரத்தில் மெழுகுவத்தி. அந்தக் கடைக்காரர் பிறந்தநாள் வாழ்த்துக்கும் இதே பூவைத்தான் போடுவார். அதனால் முதலில் வாழ்த்து என்றே நினைத்தேன். கீழே இருந்ததைப் படித்த பிறகு விடுதி வேலையைப் பேசாமலே பஸ் ஏறிவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்தவர்களும் அவரிடம் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களில் பலருக்கும் சேதி இப்படித்தான் வந்திருக்கும். அதுதான் எனக்கு ஆறவில்லை. வேறு யாருடைய சாவாக இருந்தாலும் காலம் அப்படி என்று விட்டிருப்பேன். ஜெசிந்தாவின் சேதி இப்படிப் போயிருக்கக் கூடாது.

காரைக்காலில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். நானும் அவரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் சேர்ந்தவர்கள். நான் நெரவிப் பக்கம், நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவன். அவர் டவுன்காரர். இருவருக்கும் கடல் என்றால் பீச்சோடு சரி. அப்படிப்பட்ட நாங்கள்தான் விசைப்படகு உரிமையாளர்கள் சிலருக்காக ஒரு பக்கம் செய்தோம். எந்தப் படகு கரை சேர்ந்தது, எது இன்னும் வரவில்லை என்று வீட்டில் இருப்பவர்கள் கைபேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்தத் தொழிலில் நிறத்தை நேராகப் பூசிவிடுவதில்லை. கணினிக்கான நிரலில் நிபந்தனை எழுதுவோம். நேரத்துக்குப் படகு காரைக்கால் வந்ததா? ஆமாம் என்றால் அந்த வரி பச்சை, இல்லையென்றால் சிவப்பு. தகவல் மாறினால் நிறம் தானாக மாறும். ஒரு கேள்விக்குறியும் இரண்டு பதிலுமாக ஒரே வரியில் முடிந்துவிடும். நாங்களும் முடித்துவிட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனோம்.

வெள்ளோட்டத்தின்போது பாக்கியம் என்பவரின் கணவர் போன படகு, இன்ஜின் கோளாறால் நாகப்பட்டினத்தில் ஒதுங்கியது. எல்லோரும் பத்திரம். ஆனால் எங்கள் பக்கத்துக்குத் தெரிந்ததெல்லாம் படகு காரைக்காலுக்கு வரவில்லை என்பதுதான். வரி சிவந்தது. கணவர் யாரிடமோ போன் வாங்கிப் பேசுவதற்குள் பாக்கியத்தின் வாசலில் தெருவே கூடி அழுதுவிட்டது. மறுநாள் அவர் எங்கள் மாடியேறி வந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

“எங்க தெருவுல கடல் சேதிய யாரும் வாசல்ல நின்னு சொல்லமாட்டாங்க. பெரியவங்க உள்ள வந்து, ஒக்காந்து, தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுதான் வாயத் தொறப்பாங்க. ஒங்க போனு ஒக்காரவே இல்லயே” என்றார்.

நிரலில் தவறு ஒன்றும் இல்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். ஜெசிந்தா என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். பாக்கியம் இறங்கிப் போன பிறகு அவர் என் திரையைத் தன் பக்கம் திருப்பினார். “இல்லன்னா செவப்புன்னு எழுதிட்டோமே செல்வம், அந்த ‘இல்லன்னா’வுக்குள்ள எத்தன வீடு இருக்குன்னு நெனச்சுப் பாத்தோமா?” என்றார். அன்று மாலைக்குள் அந்த ஒற்றை வரியைப் பிரித்துப் போட்டுவிட்டார். வேறு துறைமுகத்தில் ஒதுங்கிய படகுக்கு நீலம். தகவல் இல்லாததற்குச் சாம்பல் நிறம், பக்கத்திலேயே ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம்’ என்ற சொல்லும். சிவப்புக்கு மட்டும் இரண்டு நிபந்தனை. ஆபத்து என்று உறுதியாகியிருக்க வேண்டும். அதோடு, அந்த வீட்டுக்கு ஓர் ஆள் நேரில் போய்ச் சொல்லியிருக்கவும் வேண்டும். போனவர் திரும்பி வந்து குறித்தால்தான் நிறம் மாறும்.

அந்த இரண்டாவது நிபந்தனைக்கு நிரலில் அவர் வைத்த பெயர் ‘சொல்லிட்டோம்’. நாளைக்கு வேறு ஊர்க்காரன் வந்து இதைப் படித்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பான் என்று கிண்டல் செய்தேன். “படிக்கிறப்பவே கை நடுங்கணும். அப்பத்தான் எவனும் சும்மா ‘ஆமா’ன்னு தட்டிட்டுப் போகமாட்டான்” என்றார்.

அவர் கோபம் உங்களுக்குத் தெரியும். படகு உரிமையாளர் ஒருவர் சிவப்பு வரி மின்னி மின்னி எரிந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். “கல்யாண வீட்டு சீரியல் செட்டுங்களா அது?” என்று ஜெசிந்தா கேட்டதும் அவர் விருட்டென்று எழுந்து போய்விட்டார். வேலை கைவிட்டுப் போயிற்று என்று நான் தலையில் கைவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே கீழே இருந்து எங்களுக்கு டீ சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தப் பக்கத்தைக் கரையோரம் மற்றத் துறைமுகங்களுக்கும் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் ஆசை. உடம்பு தேறட்டும், சேர்ந்து போய்ப் பேசுவோம் என்றார். சின்ன ஆபரேஷன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனார். எங்கள் அலுவலகத்தில் யார் வந்திருக்கிறார்கள், யார் விடுப்பு என்று காட்டும் பக்கமும் அவர் செய்ததே. விடுப்பில் இருப்பவர் பெயர் மஞ்சளாகத் தெரியும். அவர் பெயர் மஞ்சளாகவே இருந்தது. ஒருநாள் மீண்டும் பச்சையாகும் என்று நாங்களும் இருந்தோம்.

அடக்கத்தன்று அவருடைய அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். “யாருக்கு மொதல்ல சொல்றதுன்னு யோசிக்கிறதுக்குள்ள படம் ஊரெல்லாம் போயிடுச்சுங்க” என்றார். அவர் மேல் என்ன குறை சொல்ல முடியும்?

அலுவலகப் பக்கத்தில் அந்த மஞ்சளை மாற்றும் வேலை என்னிடம் வந்தது. இறந்தவர் பெயருக்கு அதில் நிபந்தனையே கிடையாது. அப்படி ஒன்று வேண்டியிருக்கும் என்று ஜெசிந்தாவும் நினைக்கவில்லை. கறுப்பு என்று எழுதினேன். கூடவே அவருடைய ‘சொல்லிட்டோம்’ என்பதையும் சேர்த்தேன். பிறகு போனை எடுத்து ஒவ்வொருவரையும் கூப்பிட்டேன். படத்தைப் பார்த்துவிட்டவர்களும் அப்போதுதான் கேட்பவர்கள்போல அழுதார்கள். படகு உரிமையாளர், “சீரியல் செட்டு அம்மாவா?” என்று கேட்டார்.

பாக்கியத்துக்கு மட்டும் போன் செய்யவில்லை. நேரில் போனேன். உள்ளே கூப்பிட்டார், உட்கார்ந்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டேன். சொம்பை நீட்டும்போதே அவர் முகம் மாறிவிட்டது. நான் குடித்து முடிக்கும்வரை நின்றுவிட்டு, “யாரு தம்பி?” என்று கேட்டார். சொன்னேன். அவர் என் எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜெசிந்தா சேர்ந்து போவோம் என்ற ஊர்களுக்கு இனி நான் தனியாகத்தான் போக வேண்டும். அவர் விட்டுப்போனதில் என்னிடம் இருப்பது அந்த ஒரு நிபந்தனை. அதை யார் எடுக்கச் சொன்னாலும் எடுக்கமாட்டேன். பாக்கியத்தின் வீட்டிலிருந்து நேராக அலுவலகம் வந்து, ஜெசிந்தாவின் பெயருக்கு எதிரே ‘சொல்லிட்டோம்’ என்பதைக் குறித்தேன். மஞ்சள் போயிற்று. அவர் சொன்னது போலவே என் கை நடுங்கியது.