பொஷேனாவுக்கு ஒரு நல்மரணப் பூசை

எங்கள் போலந்தில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பத்து நிமிடமாவது புலம்ப வேண்டும், அதுதான் மரியாதை. நன்றாக இருக்கிறேன் என்பவன் பொய்யன், இல்லாவிட்டால் வெளியூர்க்காரன். அப்பேர்ப்பட்ட ஊரிலேயே பொஷேனாவை மிஞ்ச ஆள் கிடையாது. சுரங்க கேன்டீனில் முப்பது வருடம் சூப் ஊற்றியவள். பன்னிரண்டு வருடமாகத் திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரி வராந்தாவில் டோக்கனுக்கு உட்கார்ந்தால், பாலாடைக்கட்டி விலையில் ஆரம்பித்து மருமகள், மழை, அரசாங்கம் என்று மூச்சு விடாமல் போவாள். நானும் எங்கள் தோழி வாந்தாவும் இரண்டு பக்கமும் உட்கார்ந்து எங்கள் பங்குக்குப் புலம்புவோம். பொய் சொல்வானேன், அதில் ஒரு சுகம் இருந்தது.

போன தவக்காலம் தொடங்கிய அன்று, நெற்றியில் சாம்பலோடு வந்து பொஷேனா எங்கள் தலையில் குண்டைப் போட்டாள். ஈஸ்டர் வரை நாற்பது நாள் விரதமாகப் புலம்ப மாட்டாளாம். வானத்திலிருந்து அப்பம் விழுந்தும் பாலைவனம் முழுக்க முறுமுறுத்துக்கொண்டே நடந்த ஜனங்களைப் பற்றி மாதா கோயிலில் பைபிளிலிருந்து வாசித்தார்களாம். அந்தக் கூட்டத்துக்குத் தானே தலைவி என்று அவளுக்குத் தோன்றிவிட்டதாம்.

"இனிப்பை விடறேன், கறியை விடறேன்னு வருஷா வருஷம் ஆண்டவரை ஏமாத்திட்டேன் யாத்விகா," என்றாள் என்னிடம். "அதெல்லாம் டாக்டரே நிறுத்தச் சொன்னதுதான். இந்தப் புலம்பல் ஒண்ணுதான் என் சொந்தச் சொத்து. அதைக் குடுத்துட்டேன். திருப்பி வாங்க மாட்டேன்."

மூன்று நாள் தாங்காது என்றேன். எனக்கு எரிச்சல் வேறு. நாங்கள் மட்டும் என்ன, பாவிகளா?

அவள் தாங்கினாள். பேருந்து வராத நாளில் தாங்கினாள். மருமகள் ஈஸ்டர் பண்டிகைக்கு வரப்போவதில்லை என்றபோதும் தாங்கினாள். இடுப்பு ஆபரேஷன் தேதி மூன்றாவது முறையாகத் தள்ளிப்போனபோது, இன்றைக்கு வெடிப்பாள் என்று நானும் வாந்தாவும் ஆசையாகக் காத்திருந்தோம். அவள் நேராக அதிகாரியின் அறைக்குள் போனாள், ஏன் என்று கேட்டாள், காரணத்தை எழுத்தில் வாங்கினாள், வந்து உட்கார்ந்தாள். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. ஆளும் இளைத்திருந்தாள்.

அன்றுதான் வாந்தாவுக்குப் பயம் வந்தது. பொஷேனா புலம்பவில்லை என்றால் அவளுக்குப் பெரிய வியாதி, நம்மிடம் மறைக்கிறாள் என்றாள். இருவருமாகக் கோயிலுக்குப் போய்ப் பணம் கட்டி அவள் பேரில் ஒரு பூசை எழுதி வைத்தோம். அவளிடம் மூச்சு விடவில்லை.

ஈஸ்டருக்கு இரண்டு வாரம் முந்தின ஞாயிறு, கோயில் நிறைந்த கூட்டம். சாமியார் ஒலிபெருக்கியில் வாசித்தார்: பொஷேனாவுக்கு உடல்நலம் கிடைக்கவும், ஆண்டவர் சித்தம் வேறானால் நல்ல மரணம் வாய்க்கவும் இந்தப் பூசை. கோயிலே திரும்பி அவளைப் பார்த்தது. எனக்குக் காது சுட்டது. போச்சு, விரதம் இதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

பொஷேனா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். பூசை யாருக்காகவோ அவர்கள் உட்காரும் முதல் பெஞ்சுக்கு, இடுப்பை இழுத்து இழுத்து நடந்தாள். அங்கே உட்கார்ந்து, தன் நல்மரணத்துக்கான பூசையில் எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.

வெளியே படியில் அவளைப் பிடித்தேன். மானம் போய்விட்டதே, எங்களை நாலு திட்டாவது திட்டு என்று கெஞ்சினேன்.

"எதுக்குத் திட்டணும்? நல்ல மரணம்தானே கேட்டீங்க. என்னைக்காவது தேவைப்படும், இருக்கட்டும்."

"அப்ப உனக்கு வியாதி ஒண்ணும் இல்லையா? இடுப்பு வலிக்கலையா?"

"உயிர் போகுது. கேட்டா சொல்லுவேன், மறைக்க மாட்டேன். ஆனா அந்த வலிக்கு என் வாயைக் குத்தகைக்கு விட மாட்டேன். பன்னெண்டு வருஷம் புலம்பினேனே, யாத்விகா. நான் இடுப்புன்னா நீ முழங்கால்னே. ஒரு நாளாவது இப்படிக் கேட்டிருக்கியா?"

அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. மாடிக்கு மாடி நின்று நின்று ஏறினாள். பன்னிரண்டு வருடத்தில் அன்றுதான் முதன்முதலாக அந்தப் படிகளை நானும் ஏறினேன். வெட்கமாக இருந்தது.