சட்டைப்பையில் சூடேறிய பித்தளை

அந்தப் பித்தளைக் குழாயை மாமா முதன்முதலில் என் கையில் வைத்தபோது, இத்தனை சிறிய பொருளுக்கு இவ்வளவு கனமா என்றுதான் நினைத்தேன். ஒரு சாண் நீளம்கூட இல்லை. மேலே உறிஞ்சும் வாய், நடுவில் பற்றரி, அடியில் ஒரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் சூடாகி, பஞ்சில் ஊறியிருக்கும் திரவத்தை ஆவியாக்கும். சிகரட் புகைக்குப் பதிலாக அந்த ஆவியை இழுப்பார்கள்; 'வேப்' என்று பெயர். அவ்வளவுதான் அதன் வேலை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், கைத்தொலைபேசி உறைகள் விற்கும் கடையின் மாடியில் அதை வாங்கினோம். வெளியே பலகை எதுவும் இல்லை. விசயம் தெரிந்து வருகிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் காட்டுவார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தார். வத்தளையில் அவருக்கு, வாகனங்களுக்கு எரிபொருள் நிரப்பும் பெற்றோல் செட் ஒன்று இருந்தது. நான் அங்கே காசாளராக வேலை பார்த்தேன். என் அப்பாவும் மாமாவும் இளவயதில் ஒரே பெட்டியிலிருந்து சிகரட் எடுத்துப் பிடித்தவர்கள். அப்பா நெஞ்சு நோயில் போய்ச் சேர்ந்த பிறகும் மாமா விடவில்லை. செட்டுக்குள் நெருப்பு ஆகாது என்பதால் வேலைக்கு நடுவில் வீதியைக் கடந்து போய்ப் புகைத்துவிட்டு வருவார். திரும்பி வரும்போது இருமல் அவருக்கு முன்னால் வரும். ஒருநாள் அந்த இருமலுக்குள் அப்பாவின் இருமல் எனக்குக் கேட்டது. அன்றிலிருந்து நான் அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. கடைசியில் வைத்தியரும் கண்டித்துச் சொல்ல, "சரி பிள்ளை, உந்த வேப்பையாவது பாப்பம். வா" என்று கிளம்பினார்.

கடைக்காரப் பெடியன் முதலில் காட்டியவை எல்லாம் இலகுவான பிளாஸ்ரிக் கருவிகள். உள்ளே ஒரு சிப் இருக்கிறது, அதிகம் சூடானால் தானாக நின்றுவிடும் என்றான். மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. இளமையில் மோட்டார் திருத்தியவர் அவர். கழற்றிப் பார்க்க முடியாத பொருளை நம்பமாட்டார். கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்த பித்தளைக் குழாயைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இதுக்குள்ள பழுதாக என்ன இருக்கு?"

"ஒண்டும் இல்லை அங்கிள். ஆனா பாதுகாப்பும் ஒண்டும் இல்லை. இதுக்கு நீங்கதான் பாதுகாப்பு" என்றான் பெடியன்.

அடிப்பக்கத்தில் ஒரு வளையம் இருந்தது. பாவிக்காத நேரத்தில் அதைத் திருகி இறுக்கினால் பொத்தான் அழுந்தாது. அந்தப் பூட்டை மறக்கக்கூடாது, அதன் திருகு புரியில் அழுக்குச் சேரவிடக்கூடாது என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். மாமா, தனக்குத் தெரியாததையா இவன் சொல்கிறான் என்பதுபோலத் தலையாட்டினார்.

ஆனால் குறை சொல்ல முடியாது. அதை அவர் ஒரு இயந்திரத்தைப் பார்ப்பதுபோலவே பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பழைய பத்திரிகையை விரித்து ஒவ்வொரு பாகமாகக் கழற்றுவார். திரவம் நிற்கும் சிறு தொட்டியைச் சுடுதண்ணீரில் கழுவுவார். கருகிய பஞ்சை எடுத்துவிட்டுப் புதியது வைத்து, அது நன்றாக ஊறும்வரை பொத்தானைத் தொடமாட்டார். பஞ்சு காய்ந்திருக்கும்போது சூடேற்றினால் ஒரு கருகல் வாடை வரும், தொண்டையைப் பிய்க்கும். அந்த வாடை எங்கள் இரண்டு வீட்டுக்குமே பழக்கமாகிவிட்டது. கசிந்த திரவம் புரிகளில் பிசின்போல ஒட்டுவதால் அவற்றைத் தீக்குச்சியில் துணி சுற்றித் துடைப்பார். "சிகரட்டுக்கு இவ்வளவு எடுபிடி வேலை இருக்கேல்லையே" என்று மாமி முணுமுணுப்பார். ஆனால் இருமல் குறைந்ததை முதலில் கவனித்துச் சொன்னதும் மாமிதான்.

பிறகு எரிபொருள் தட்டுப்பாடு வந்தது. நீர்கொழும்பு வீதியில் வாகனங்கள் கண்ணுக்கெட்டாத தூரம்வரை நின்றன. மாமா வீட்டுக்கு வருவதே குறைந்துபோயிற்று. செட்டின் அலுவலக அறையில் பாய் விரித்துப் படுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளும் மேசையும் பத்திரிகையும் மறந்துபோயின. குழாய் மட்டும் சட்டைப் பையில் இருந்தது. முன்பைவிட அதிகமாகவே அதை வாயில் வைத்தார். பெற்றோல் கொண்டுவரும் பவுசர் உள்ளே நுழையும் நாளில் மட்டும் அதை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் வெளியே வருவார். "தீப்பெட்டி இல்லாட்டியும் இதுவும் நெருப்புத்தான் பிள்ளை" என்று அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குப் பவுசர் வரும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. பல நாள் காய்ந்து கிடந்தோம். காலையில் திடீரென்று அது வளைந்து உள்ளே வந்ததும் வரிசையில் நின்றவர்கள் கூக்குரலிட்டார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து ஓடி வந்தார்கள். மாமா அலுவலகத்திலிருந்து பாய்ந்து வந்து, கூட்டத்தைத் தள்ளி நிறுத்தச் சொல்லி, நிலத்தடித் தொட்டியின் மூடியைத் திறந்து, குனிந்து அளவுகோலை இறக்கினார். பவுசரின் இறப்பர்க் குழாயைப் பொருத்தி இறக்கத் தொடங்கினார்கள். பெற்றோல் வாடை செட் முழுவதும் கனமாகப் படிந்தது.

அந்த வாடைக்கு நடுவில்தான் எனக்கு மற்ற வாடை வந்தது. கருகிய பஞ்சு.

கவுண்டர் வாசலில் நின்ற நான் நிமிர்ந்து மாமாவைப் பார்த்தேன். அவரும் அந்தக் கணத்தில்தான் நிமிர்ந்தார். அவருடைய கை மெதுவாகச் சட்டைப் பையின்மேல் போனது. குனிந்தபோது பொத்தான் அழுந்தியிருக்கிறது. அழுக்கேறிய வளையம் இறுகியதுபோலத் தோன்றி இறுகாமல் இருந்திருக்கிறது. தானாக நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. சுருள் சூடேறிக்கொண்டே இருந்தது. அவருடைய காலடியில் தொட்டியின் வாய் திறந்திருந்தது.

நான் கத்தியிருப்பேன். அவர் கண்ணாலேயே என்னை அடக்கினார். பவுசர்க்காரனைப் பார்த்து, கடைக்கணக்குப் பேசுகிற குரலில், சிங்களத்தில், "அய்யே, வால்வ் எக வஹன்ன" என்றார். அவன் காரணம் கேட்காமல் வால்வை மூடினான். மாமா பையை உள்ளங்கையால் பொத்தியபடி நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை. வீதிக்குப் போகும் குறுக்கு வழி என் கவுண்டரைத் தாண்டி, கூட்டத்துக்கு நடுவால் போகிறது. அவர் அந்தப் பக்கம் வரவில்லை. காற்றுப் பம்பைச் சுற்றி, பின்மதில் ஓரமாக, பக்கத்து வெறும் வளவுக்குப் போகிற சின்னக் கதவை நோக்கி நடந்தார். அது நீண்ட வழி. அவருடைய விரல்களுக்கிடையால் நூல்போலப் புகை வருவதை நான் கண்டேன். வேறு யாரும் காணவில்லை.

கூட்டம் கண்டது வேறு. இறக்குவது நின்றுவிட்டது, முதலாளி பின்பக்கமாகப் போகிறார். "கொஹெத யன்னே?" என்று ஒருவர் சத்தமிட்டார். எங்கே போகிறாய் என்ற அந்தக் கேள்வி பல வாய்களுக்குத் தாவியது. ஹெல்மெட் கையிலிருந்த இளைஞன் ஒருவன் வரிசைக்குக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி அவருக்குப் பின்னால் விரைந்தான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"ஏன் அக்கா நிப்பாட்டினீங்க? பெற்றோல் இல்லையா? ஒளிக்கிறீங்களா?"

"இருக்கு தம்பி. அளவு பாக்கினம். அஞ்சு நிமிசம்."

"அப்ப அவர் எங்க போறார்?"

"பூட்டுத் திறப்பு எடுக்கப் போறார். நீங்க அங்கால போனா இறக்க மாட்டினம். வரிசைக்குப் போங்க."

உண்மையைச் சொல்லியிருந்தால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாகனங்களை முடுக்கியிருப்பார்கள். ஒரு தீப்பொறி போதும். அந்தத் தம்பி என் முகத்தில் எதைக் கண்டானோ, இரண்டடி பின்வாங்கினான்.

சின்னக் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. வளவில் யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் குவிந்திருந்தது. மாமா குழாயை அதற்குள் ஆழப் புதைத்து மணலை அள்ளி மூடியதைப் பிறகுதான் அறிந்தேன். கொஞ்ச நேரத்தில் மதிலுக்கு அப்பால், போத்தல் ஒன்று சாக்குக்குள் உடைவதுபோல அமுங்கிய ஒரு வெடிப்பு. வரிசையில் நின்றவர்கள் ஏதோ ரயர் வெடித்தது என்று நினைத்திருப்பார்கள்.

அவர் திரும்பி வந்தபோது சட்டையின் இடப்பக்கம் கருகி ஓட்டையாகியிருந்தது. முகம் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ஆனாலும் தண்ணீர்கூடக் குடிக்காமல், தொட்டி வாயை ஒருமுறை பார்த்து, "ஹரி, அரின்ன" என்று பவுசர்க்காரனுக்குச் சைகை காட்டினார். வால்வு திறந்தது. கூட்டம் கைதட்டியது.

முதல் ஆளாகப் பெற்றோல் அடித்த ஓட்டோவில் அவரை வைத்தியரிடம் கூட்டிப்போனேன். ஓட்டோக்காரரின் கண்ணாடிக்குக் கீழே ஒரு சிகரட் பெட்டி கிடந்தது. மாமா அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு கை நீட்டி ஒன்றைக் கேட்டு வாங்கினார். வேண்டாம் என்று தடுக்க எனக்கு முகம் இல்லை. அந்தக் கருவியை வாங்கக் காரணமானவள் நான்தானே. அவர் சிகரட்டை மூக்கருகே கொண்டுபோனார், விரலில் உருட்டினார். களனிப் பாலம் வந்தபோது ஓட்டோக்காரரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஏன் மாமா அந்தப் பக்கம் சுத்திப் போனீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"காத்து உன்ர கவுண்டர்ப் பக்கம் அடிச்சது பிள்ளை. பெற்றோல் ஆவியும் அங்கதான்."



அடுத்த பவுசர் வருமுன், காலையில், செட்டில் வேலை செய்யும் எல்லோரையும் மாமா அழைத்தார். நெருப்பைப் பற்றி அவர்களுக்கு எத்தனையோ முறை கத்தியவர். அன்று கத்தவில்லை. சட்டைப் பொத்தான்களைக் கழற்றி, நெஞ்சில் தீய்ந்த இடத்தைக் காட்டினார். "இது என்ர பிழை. வளையம் அழுக்கு, துடைக்கேல்ல. இழுப்பறைக்குள்ள வைக்கவும் மறந்திட்டன்" என்று தமிழிலும் சிங்களத்திலும் சொன்னார். பெடியன்கள் தரையைப் பார்த்தார்கள். மாமா தன் பைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் காட்டிவிட்டு, "இனிப் பவுசர் வந்தா முதல்ல என்ர பையைப் பாருங்கோ. பிறகு மற்றாக்களின்ர" என்றார்.

இப்போது செட்டை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மாமா வீட்டோடு இருக்கிறார். சிப் உள்ள சின்னக் கருவி ஒன்று வைத்திருக்கிறார், திரவமும் நிகொட்டின் மிகக் குறைந்தது. முழுதாக விட்டாரா என்றால், இல்லை. சிகரட்டுக்குத் திரும்பினாரா என்றால், அதுவும் இல்லை. கண் மங்கிவிட்டதால் சுருள் மாற்றும் வேலை என் தலையில். போன ஞாயிறும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினேன். திரவம் விட்டு, பஞ்சு ஊறட்டும் என்று மேசையில் வைத்தேன். மாமா பக்கத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டி வச்சனியே?"

"ஓம் மாமா."

"ஒழுகேல்லையே?"

"இல்லை மாமா, துடைச்சனான்."

அவருடைய கை தன்னையறியாமல் சட்டையின் இடப்பக்கம் போயிருந்தது.

"எதுக்கும் இன்னொருக்காப் பார் பிள்ளை."

இன்னொருமுறை பார்த்தேன்.