பாதித் திரையில் ஒரு மகன்

கடியப்பட்டணத்தில் 2008இல் பிரவுசிங் சென்டர் திறந்த பூங்கனி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. எதை இறக்கினாலும் கம்ப்யூட்டர் கூடவே ஒன்று கேட்கும்: இந்த டூல்பாரும் வேண்டுமா? வாசலில் வந்து கேட்டவனையே வெறுங்கையோடு அனுப்பாத சனம். இதற்கும் ஆமாம் என்று அமுக்கிவிட்டு எழுந்து போகும். தேடுவதற்கு ஒரு பட்டை, வானிலைக்கு ஒரு பட்டை, மஞ்சள் மூஞ்சிகள் இளிக்க ஒரு பட்டை. பக்கத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்து பாதித் திரையைத் தின்றுவிடும். வேறு யாராவது என்றால் ஊரையே ஏசித் தீர்த்திருப்பார்கள். பூங்கனி முகம் சுளித்ததில்லை. அப்படி ஒரு பொறுமை அவளுக்கு.

ஒரு நாள் மரியபுஷ்பம் வந்தாள். அவள் மகன் ஆன்ட்ரூஸ் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருந்தான். வலை இழுக்கும் இயந்திரத்தில் அவன் கை மாட்டியதாக ஊரில் பேச்சு. போனில் கேட்டால் சின்னக் காயம் என்பான். கண்ணால் பார்க்காமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

பூங்கனி வீடியோவை இணைத்துக் கொடுத்தாள். மகன் முகம் வந்தது.

"பாத்தியாம்மா?" என்றான் அவன்.

"பாத்தேன் மக்கா. நல்லாத்தான் இருக்க. மாதா காத்தா," என்று சிரித்தாள் தாய்.

ஆன்ட்ரூஸ் சிரிக்கவில்லை. ஒன்றும் புரியாமல் விழித்தான். பூங்கனி திரையை எட்டிப் பார்த்தாள்; அவளுக்குப் புரிந்துவிட்டது. வாயால் சொல்ல முடியாததை அவன் அங்கே காட்டிக்கொண்டிருக்கிறான். இங்கே டூல்பார்கள் படத்தைக் கீழே தள்ளி, கழுத்துக்குக் கீழே மறைத்துவிட்டன. பேசாமல் விட்டால் இந்த அம்மா இன்றைக்கு நிம்மதியாக வீட்டுக்குப் போவாள். நாளைக்கு?

"இருங்க மாமி. படம் பாதி மறைஞ்சு கெடக்கு," என்றாள்.

பட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். படம் மேலே ஏறியது. கழுத்து, நெஞ்சு, நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக் கட்டிய வலது கை. கட்டுக்கு வெளியே பெருவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தெரிந்தன. நடுவில் ஒன்றுமில்லை.

மரியபுஷ்பம் அழவில்லை. பூங்கனியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"சோறு எப்பிடி மக்கா திங்குத?"

அதுவரை அடக்கி வைத்திருந்த ஆன்ட்ரூஸ் உடைந்துபோனான். "இடது கையாலதாம்மா. பாதி கீழே சிந்துது."

"அங்க கெடக்காண்டாம், பொறப்பட்டு வா. நான் வாரித் தாரேன்."