பந்தை மறைத்துப் பார்த்த ரெஜினா

ரெஜினா எழுதிய அறிக்கையிலிருந்து அவருடைய பெயரை எடுத்தவர்கள், அவருடைய இறுதித் திருப்பலியில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டிருந்தார்கள். சிலர் அழுதார்கள். அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. பெயரை எடுத்ததும் பொய் இல்லை.

செய்தி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவில் அது சனிக்கிழமை, கல்லூரி அணிகள் விளையாடும் நாள். ஆக்லாந்தின் பாட்டனி டவுன்ஸில் கடைகளுக்கு மேலே இருக்கிற எங்கள் அலுவலகத்தில் எல்லாத் திரைகளும் ஓடிக்கொண்டிருந்தன. எனக்கு அடுத்த நாற்காலி மட்டும் காலி. தாமதமாக வருகிற ஆள் இல்லை அவர். "அக்கா, எங்க நிக்கிறியள்? ஆட்டம் துவங்கிட்டுது" என்று செய்தி அனுப்பினேன். பதிலுக்கு அவருடைய கணவர் அந்தோணி அண்ணன் அழைத்தார்.

"தம்பி, ரெஜி போய்ட்டா."

"எங்க அண்ணை?" என்று கேட்டுவிட்டேன். அவர் அழத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூளையில் இரத்தக் கசிவு. முந்தின நாள் மாலை பூசைக்குப் போய் வந்து, சமைத்து, படுத்தவர் எழும்பவில்லை. வயது நாற்பத்து மூன்று.

இதைப் படிக்கிற உங்களில் பலர் அவரைக் கோயிலில் பார்த்திருப்பீர்கள். சிலர் அவரோடு ஹாக்கி ஆடியிருப்பீர்கள். மலேசியாவின் ஈப்போவில் மாநில அணிக்குத் தடுப்பாட்டக்காரராக ஆடியவர் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் என்ன வேலை செய்தார் என்பதுதான் யாருக்கும் சரியாகத் தெரியாது. இறுதிச் சடங்கன்று தென் ஆக்லாந்தின் பாபடோயிட்டோயிலிருந்து வந்த ஓர் ஐயா என்னிடம், "கம்ப்யூட்டர் வேலை தானே தம்பி?" என்றார். இல்லை ஐயா.

அமெரிக்கக் கால்பந்தில் டைட் எண்ட் என்று ஓர் இடம் உண்டு. தள்ளுகிறவர்களின் வரிசையில் கடைசியில் நிற்பவன். பந்து புறப்பட்டு நிற்கிற சில நொடிகளை ஓர் ஆட்டம் என்போம். ஓர் ஆட்டத்தில் தன்னைவிடக் கனமான எதிராளியைத் தள்ளி, பந்தோடு வருபவனுக்கு வழிவிட வேண்டும். அடுத்த ஆட்டத்தில் அதே இடத்திலிருந்து ஓடிப் போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஆளின் வேலை, ஒரு சட்டை. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொழில்முறை அணிகள் சுற்றுச் சுற்றாகக் கல்லூரி ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும். அதற்கு முன் யார் தேறுவான், எந்தச் சுற்றில் எடுக்கலாம் என்று ஆட்டப் பதிவுகளைப் பார்த்து எழுதிக் கொடுப்பது எங்கள் நிறுவனத்தின் தொழில். டைட் எண்ட்கள் எங்கள் இருவரின் பொறுப்பு. பிடிப்பதும் ஓடுவதும் நான். தள்ளுவது அவர். ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே மாதிரி ஆண்டு ஒப்பந்தம், ஒரே மாதிரி ஒவ்வொரு மார்ச்சிலும் அதைப் புதுப்பிப்பார்களா என்ற கவலை.

அவர் வேலை செய்யும் விதம் அலுவலகத்தில் கேலிப்பொருளாக இருந்தது. முதல் தடவை ஓர் ஆட்டத்தைப் பார்க்கும்போது திரையில் பந்து இருக்கிற பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொள்வார். பந்து நகர நகரக் கையும் நகரும். டைட் எண்டின் முதல் அடி, இடுப்பு, எதிராளியின் நெஞ்சில் கை எங்கே விழுகிறது, மோதிய பிறகு கால் நிற்கிறதா ஓடுகிறதா, அவ்வளவுதான் பார்ப்பார். பிறகே கையை எடுப்பார். அவருடைய திரை எப்போதும் அழுக்கு. துடைக்க வருகிற பெண் இவரைக் கண்டாலே தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஏன் அக்கா உப்பிடிக் கஷ்டப்படுறியள்? பந்தைப் பாக்காம இருந்தாப் போதுமே" என்றேன் ஒருநாள்.

"பந்து இருந்தா கண்ணு அங்கதான் லா போவும். ஒனக்கும் போவும், எனக்கும் போவும். கண்ண நம்பாத, கைய வெச்சு மூடு." ஈப்போவின் 'லா' அவர் பேச்சை விட்டுப் போகவே இல்லை.

மற்ற நிறுவனங்கள் டைட் எண்டிடம் பந்து வந்த ஆட்டங்களை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கும். அதுதான் மலிவு, அதுதான் வேகம். ஓர் ஆட்டக்காரன் களத்தில் செய்கிற வேலையில் பெரும்பகுதியை யாரும் பார்க்காமலே அவனுக்கு மதிப்பெண் போடுவார்கள். இது கால்பந்தில் மட்டும் நடக்கிற அநியாயம் இல்லை. இந்த நகரத்தில் விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ரெஜினா தவறே செய்யாதவர் என்று எழுதப் போவதில்லை. அவருக்கு அது பிடிக்காது. உழைப்பாளிகள் என்றால் அவருக்கு மனம் இளகிவிடும். ஒரு பையன் சுவர் மாதிரி நின்று தள்ளுவான். அவனை இரண்டாம் சுற்றில் எடுக்கலாம் என்று எழுதினார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. ஓடிப் போய்த் திரும்பும்போது அவன் பேருந்து திரும்புகிற மாதிரித் திரும்புகிறான், அதற்குள் தடுக்கிறவன் வந்துவிடுவான் என்றேன்.

"பஸ்ஸா? வாய கழுவு. அந்த இடுப்ப பாத்தியா நீ?"

"பாத்தனான் அக்கா. அது திரும்புறதுக்கு முதல் இண்டிகேட்டர் போடுது."

கோபித்துக்கொண்டு போனார். மறுநாள் முழுவதும் அந்தப் பையன் ஓடிய ஓட்டங்களை மட்டும் பார்த்தார். சாயங்காலம் என் மேசையில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்தார். "சரி லா, பஸ்ஸுதான். டபுள் டெக்கர்." மதிப்பெண்ணைக் குறைத்தார், ஏன் குறைத்தேன் என்றும் எழுதினார். தோற்றதைத் தேநீரோடு கொண்டுவந்து கொடுத்த வேறு ஆளை அந்த அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

சென்ற பருவத்தில் வந்தவன்தான் எண்பத்தாறு. அவனுடைய சட்டை எண் அது. பெயரை எழுதவில்லை, அவனிடம் அனுமதி கேட்கவில்லை. சமோவா குடும்பம். பாபடோயிட்டோயில் பிறந்து, பள்ளியில் ரக்பி ஆடி, உதவித்தொகையில் அமெரிக்கக் கல்லூரிக்குப் போனவன். அவனுடைய அணி ஓயாமல் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற அணி. அவனுக்குப் பந்து வருவதே அபூர்வம். புள்ளிவிவரத்தில் அவன் இல்லாத ஆள்.

அவனுடைய அம்மா, ரெஜினா போகிற கோயிலுக்குத்தான் வருவார். ஞாயிறு எங்களுக்கு வேலை என்பதால் ரெஜினா சனி மாலைப் பூசைக்குப் போவார். அந்த அம்மாவும் அதே பூசைதான். இதை ரெஜினாவே போய் மேலாளர் க்ரெய்கிடம் சொன்னார்: குடும்பம் எனக்குத் தெரிந்த முகம், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று. கொடுக்க வேறு ஆள் இல்லை. ஆகவே அந்தப் பருவம் முழுவதும் பூசை முடிந்ததும் பக்கக் கதவால் வெளியே போனார். தேநீருக்கு நிற்பதில்லை. "அந்தம்மா சிரிச்சா நான் மார்க்கு போட்டுருவேன் லா. எனக்கு என்னைய தெரியும்" என்றார்.

அறிக்கைக் கூட்டத்தில் க்ரெய்க், ரெஜினா நான்காம் சுற்று என்று எழுதியிருந்த எண்பத்தாறைத் தேர்வுப் பட்டியலுக்கு வெளியே போடச் சொன்னார். எதிராளியைத் தவறவிடுகிறான் என்றார். பதிவில் அப்படித்தான் தெரிந்தது: எதிராளி வருகிறான், எண்பத்தாறு தோளால் இலேசாக இடிக்கிறான், எதிராளி அவனைத் தாண்டிப் போய்விடுகிறான். ரக்பி பார்த்து வளர்ந்த கண்ணுக்கு ஒருவன் உன்னைத் தாண்டினால் நீ தோற்றாய். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் அந்தக் கண்தான். "எத்தனை ஆட்களைப் பிடிக்காமல் தவறவிடுகிறான் பார்" என்றார் க்ரெய்க்.

"க்ரெய்க், பந்து அவனுடைய அணியிடம் இருக்கிறது. அவன் யாரைப் பிடிக்க வேண்டும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் ரெஜினா. ஆளைப் பிடித்து வீழ்த்துவது பந்து இல்லாத அணியின் வேலை. யாரோ சிரித்தார்கள். க்ரெய்க் சிரிக்கவில்லை.

ரெஜினா அந்தப் பதிவுத் துண்டுகளைத் திரையில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டார். முதலில் உள்ளங்கையால் மூடி, பிறகு கையை எடுத்து. தாண்டிப் போன எதிராளி ஒவ்வொரு தடவையும் ஓர் இடத்தைக் காலியாக விட்டுப் போயிருந்தான். ஒவ்வொரு தடவையும் எண்பத்தாறு அடுத்த நொடியே அந்தக் காலி இடத்துக்கு ஓடி அடுத்த ஆளைத் தள்ளினான். பந்தை வாங்கியவன் அவன் பின்னால் போனான். அது பயிற்சியாளர் வரைந்த ஆட்டம். என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "அவன் தவற விடல. கதவ தொறந்து வெச்சான்."

க்ரெய்க் அப்போதும் மதிப்பெண்ணைக் குறைக்கச் சொன்னார். நான்காம் சுற்று என்று போட்டு அவன் தேறாமல் போனால் வாடிக்கையாளர் முன் யார் நிற்பது என்றார். க்ரெய்க் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் எனக்கு எழுதச் சுலபம். பயந்தவர். ரெஜினா சொன்னார்: "குறைக்க வேண்டுமானால் உங்கள் பெயரில் குறையுங்கள். என் பெயரில் போனால் நான்காம் சுற்றுதான்."

ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. இது பிப்ரவரி. காரில் வரும்போது, "அக்கா, பிழையாப் போனா வேலை போயிடும்" என்றேன்.

"போவட்டும். பாத்தத பாக்கலன்னு எழுத முடியாது லா."

அறிக்கை அவருடைய மதிப்பெண்ணோடும் அவருடைய பெயரோடும் போனது. க்ரெய்கின் பெயரைப் போட க்ரெய்க் தயாராக இல்லை. ஏப்ரலில் ஓர் அணி எண்பத்தாறை நான்காம் சுற்றில் எடுத்தது. அந்த அணியிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார்: பந்து இல்லாத ஆட்டங்களைப் பற்றி இப்படி ஓர் அறிக்கையை நாங்கள் படித்ததில்லை, இதே மாதிரி இன்னும் வேண்டும் என்று. அடுத்த சனிக்கிழமை ரெஜினா பக்கக் கதவால் போகவில்லை. அந்த அம்மாவிடம் போய், "நான் உங்கள் மகனைப் பார்த்தேன், எல்லா ஆட்டமும் பார்த்தேன்" என்றார். அதற்கடுத்த வாரங்களில் எங்கள் அலுவலகத்துக்குத் தேங்காய்ப்பாலில் வெந்த பன்கள் தட்டுத் தட்டாக வந்தன. க்ரெய்கும் சாப்பிட்டார்.

ஆகஸ்டில் புதிய வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவதற்கு அந்த அறிக்கையை மாதிரியாக அச்சடித்தார்கள். அட்டை புதிது. உள்ளே ஒரு சொல்லும் மாறவில்லை. ரெஜினாவின் பெயர் இருந்த இடத்தில் அமெரிக்காவில் இருக்கும் ஓர் ஆலோசகரின் பெயர் இருந்தது. முன்னாள் ஆட்டக்காரர். எண்பத்தாறை அவர் பார்த்ததே இல்லை. ஆக்லாந்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு மலேசியத் தமிழ்ப் பெண் டைட் எண்டைப் பற்றி எழுதினால் யார் வாங்குவார் என்பதுதான் காரணம். அப்படி யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. "சந்தைப்படுத்தல்" என்றார்கள். தவறாகப் போக வாய்ப்பிருந்தபோது அது ரெஜினாவின் அறிக்கை. சரியாகப் போனதும் வேறொருவருடையது.

எனக்கு வந்த கோபத்தில் நான் வேலையை விடப்போவதாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீ போனா அவனுங்களுக்கு நல்லது. ஒக்காரு. திங்கக்கெழம கேப்போம்."

கேட்டார். திங்கள் காலைக் கூட்டத்தின் கடைசியில், வேறேதாவது உண்டா என்று க்ரெய்க் கேட்கும்போது, "என் பெயர்" என்பார். பருவம் முடியட்டும் என்பார் க்ரெய்க். அடுத்த திங்களும் "என் பெயர்" என்பார். குரல் உயராது, முகம் சுளிக்காது. முதலில் எல்லோரும் நெளிந்தார்கள். பிறகு சிலர் அந்த நேரத்தில் க்ரெய்கை நிமிர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். இறப்பதற்கு முந்தின திங்களும் கேட்டார்.

இறுதித் திருப்பலி முடிந்து மண்டபத்தில் தேநீர். எண்பத்தாறின் அம்மா சொந்தக்காரர்களோடு வந்து அவர்கள் மொழியில் பாடினார். கூரை அதிர்ந்தது. பிறகு அந்தோணி அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க, "என் மகனிடம் பந்து இல்லாதபோது பார்த்தவர் ரெஜினா" என்றார். க்ரெய்க் பக்கத்தில்தான் தட்டோடு நின்றார். அந்த மண்டபத்தில் அறிக்கையை எழுதியது யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது அந்த அட்டைக்கு மட்டும்.

நான் இதை எழுதப் போகிறேன் என்றதும் என் அம்மா, "உனக்கேன் இந்த வேலை? வீட்டு மோர்ட்கேஜ் ஆர் கட்டுறது?" என்றார். நியாயமான கேள்வி. பாத்தத பாக்கலன்னு எழுத முடியாது என்று அக்கா சொன்னதையே அவருக்கும் சொன்னேன்.

ரெஜினாவிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இரண்டு. ஒன்று உள்ளங்கை. இப்போது தள்ளுவதையும் நானே பார்க்கிறேன். என் திரையும் அழுக்கு. அவருடைய இடத்துக்கு வந்த பெண், ஃபிஜியிலிருந்து வந்தவள், முதல் நாளே ஏன் என்று கேட்டாள். இரண்டாம் வாரம் அவளும் கையை வைத்தாள். இந்தப் பருவத்தில் பந்து வராத ஆட்டங்களையும் பார்த்து எழுதும்படி மூன்று அணிகள் கேட்டிருக்கின்றன. எண்பத்தாறு களத்தில் இறங்குகிறான், கதவு திறந்து வைக்கிறான். வர்ணனையாளர்கள் சொல்வதில்லை. எங்களுக்குத் தெரிகிறது.

இரண்டாவது, திங்கட்கிழமை. இந்த வாரமும் க்ரெய்க் கடைசியில் வேறேதாவது உண்டா என்று கேட்டார். நான் கையை உயர்த்தினேன். எனக்கு முன்பே அந்த ஃபிஜிப் பெண் உயர்த்தியிருந்தாள். மேசையின் அந்தப் பக்கம் இன்னும் இரண்டு கைகள். க்ரெய்க் தன் கணினியை மூடி, அதன் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெஜினாவின் பெயரைப் போடுங்கள்" என்றோம்.